ஆளுக்கு இரண்டு

புதன்கிழமை எங்கள் தபால்பெட்டியில்
கடிதம் வராது, விலைத்தாள் வரும்.
நகம் வெட்டும் கத்தரியால்தான் கூப்பன் வெட்டுவேன்.
துணிக் கத்தரி காகிதத்தில் மழுங்கும்,
சாணை பிடிக்க நாற்பது ராண்ட்.

சமையல் எண்ணெய், இரண்டு லிட்டர்,
பாட்டிலுக்குப் பதினெட்டு ராண்ட் தள்ளுபடி.
கீழே எறும்பு எழுத்தில்:
ஆளுக்கு இரண்டு மட்டும்.

நாங்கள் நான்கு ஆள்.
நான், மகன் கிரீசன், மகள் பிரெனீஷா,
பிறகு
பதினோரு நாளாய் என்னோடு பேசாத தயாளன்.

பால்பவுடர் டப்பாவில் நான் சேர்த்தது
மின்சாரத்துக்கான பணம்.
சாட்ஸ்வர்த்தில் வெளிச்சத்தைச் சில்லறையாய் வாங்குகிறோம்:
ஐம்பது ராண்டுக்கு இருபது இலக்கம்.
மீட்டரில் ஒன்றொன்றாய்க் குத்தி முடிக்கும்வரை
நான் மூச்சு விடுவதில்லை.
அந்த டப்பாவிலிருந்து தொள்ளாயிரம் எடுத்து
தூண்டிலுக்குப் புது ரீல் வாங்கி வந்தார்.
ஷாட் மீன் வரத்து தொடங்கிவிட்டதாம்.

தொள்ளாயிரத்துக்கு எத்தனை கிலோ மீன்
மார்க்கெட்டில் வாங்கலாம் என்று
விலைத்தாளின் ஓரத்தில் வகுத்துக் காட்டினேன்.
கணக்கு சரி.
அதனால்தான் வீடு அமைதியானது.

மௌனம் இலவசம் என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
ஒருமுறை கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினால்
இரவுவரை எல்லாருக்கும் தேநீர்.
இப்போது அவருக்குத் தனி, எனக்குத் தனி.
கெட்டில் இரண்டு முறை கத்துகிறது.
கரைந்து தேய்ந்த சோப்புச் சில்லுகளை
ஒன்றாய் ஒட்டி ஒரு கட்டியாக்குவேன்;
அவர் வீம்புக்குப் புதுக்கட்டி பிரித்தார்.

கிரீசன் தூது போனான்:
"சனிக்கிழமை எண்ணெய்க்கு நீங்களும் ஓர் ஆளான்னு
அம்மா கேக்குறாங்க."
"ஆள்தான்" என்று பதில் வந்தது.

கடையில் ஏழு கல்லா.
ஆளுக்கொன்றாய்ப் பிரிந்து நிற்க வேண்டும்,
யாரும் யாரையும் அம்மா என்று கூப்பிடக்கூடாது.
ஆனால் மாதக் கடைசி, திறந்திருந்தது இரண்டுதான்.
பிள்ளைகள் ஒன்றில், எங்கள் இருவருக்கும் இன்னொன்று.
எனக்கு நேர் பின்னால்
கடற்கரையிலிருந்து நேராய் வந்த
மத்தி வாடை அடிக்கும் சட்டை.

அந்நியராய் நடிக்க
அன்று எங்களுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

கல்லாவில் நொம்புசோ
தக்காளி டின்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.
என் கையிலிருந்து கூப்பன் நழுவியது.
குனிந்து எடுத்தார்.
"மேடம், உங்களுதா?"

பதினோரு நாள்.
முதல் சொல் மேடம்.

"ஆமா, நன்றி சார்."
"எண்ணெய் நிறைய வாங்குறீங்க. பொரிக்க மீன் இருக்கா?"
"எங்க வீட்ல ஒருத்தர் மீன் பிடிக்கப் போறார்.
இதுவரைக்கும் வந்தது ஈரச் சட்டைதான்."
"இன்னைக்கு என் ஐஸ்பெட்டியில் நாலு இருக்கு."
"நாலுதானா?"
"அதுக்கு மேல பிடிக்க விடமாட்டாங்க, மேடம்.
கடலிலும் ஆளுக்கு இத்தனைன்னு இருக்கு."

என்ன முயன்றும் உதடு அடங்கவில்லை.
நொம்புசோ என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்,
அடுத்த வரிசையில் எங்களைப் பார்த்து
வாயைப் பொத்திக்கொண்ட பிரெனீஷாவைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
கூப்பனை விளக்கொளியில் பிடித்துத் தேதி பார்த்து
இரண்டு பாட்டில் ஓட்டினாள்,
"அடுத்த அந்நியர்" என்றாள்.

கார் டிக்கியில் எட்டுப் பாட்டில்
வீடுவரை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன.

நான்கு மீன், மிளகாய்த்தூள், மஞ்சள்.
பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்தேன்,
நாளைக்கு உருளைக்கிழங்குக்கு ஆகும்.
அன்றிரவு கெட்டில் ஒருமுறைதான் கத்தியது.

பிறகு கணக்குப் புத்தகம்.
எண்ணெயில் மிச்சம்: நூற்று நாற்பத்து நான்கு.
ரீல் பாக்கி: எழுநூற்று ஐம்பத்தாறு.
மீனுக்கு விலை போடலாமா,
போட்டால் எத்தனை,
அந்த மேடத்துக்கு எத்தனை
என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

பேனாவை மூடிவிட்டேன்.
திறந்தே வைத்தால் மை காயும்.